ஒரு தரம்… ரெண்டு தரம்… மலை!

உடைந்த நாற்காலியை விற்பதில் இந்திய அரசாங்கத்தைப் போல யோக்கியமான வியாபாரியை எங்கும் பார்க்க முடியாது. சந்தேகம் இருந்தால் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளை எடுத்து 217லிருந்து 220 வரை படித்துப் பாருங்கள். ஒரு பொருள் இனி உதவாது என்றால் ஏன் உதவாது என்று எழுதிவைக்க வேண்டும். யாருடைய அலட்சியத்தாலோ மோசடியாலோ அது பாழாகியிருந்தால் பொறுப்பு யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஏட்டு மதிப்பு என்ன, எதிர்பார்க்கும் விலை என்ன, எந்த விலைக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மூன்று கணக்குப் போட வேண்டும். மிச்ச மதிப்பு 2 லட்சம் ரூபாய்க்கு மேலே போனால் விளம்பரம் செய்த டெண்டர் அல்லது பொது ஏலம். ஏலம் என்றால், பொருள் எங்கே கிடக்கிறது, நிபந்தனை என்ன என்பதையெல்லாம் ஊரறிய முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏலத்தன்று, வந்தவர்கள் காதுபட அதையே மறுபடியும் சொல்ல வேண்டும். சுத்தியல் விழுந்த நொடியில் ஏலக் கேள்வி ஏற்கப்பட்டதா இல்லையா என்று அறிவித்தாக வேண்டும். ஏற்கப்பட்டால் கேட்ட தொகையில் குறைந்தது கால் பங்கை நின்ற இடத்திலேயே வாங்க வேண்டும். மீதிப் பணம் வந்து சேரும்வரை பொருள் மேல் கைவைக்க விடக் கூடாது. இத்தனைக்கும் காவலாக ஏலக் குழுவில் நிதிப் பிரிவு அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

படித்து முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் சொத்தை இப்படிப் பொத்திப் பொத்திக் காக்கிற அரசாங்கம் இருக்கும்போது நமக்கு என்ன குறை? ஒரே ஒரு சின்ன விஷயம்தான். இந்த விதிகள் பெஞ்சுக்கும் பீரோவுக்கும் ஓடாத ஜீப்புக்கும் எழுதப்பட்டவை. நிலக்கரிக்கும் அலைக்கற்றைக்கும் மலைக்கும் வேறு சட்டம். ஏலம் விட்டே தீர வேண்டும் என்ற விதி பல காலம் அங்கே கிடையாது.

நாற்காலிக் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தெரிந்த அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் யாராவது இருந்தால், கடைசி வகுப்பறையின் பூட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காலில்லாத பெஞ்சு, முதுகில்லாத நாற்காலி, கதவு கழன்ற அலமாரி எல்லாம் கூரை தொடக் குவிந்திருக்கும். பாம்பு வரும் என்று பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். ஏன் சார், எடைக்குப் போட்டுவிடலாமே என்று கேட்டால் அவர் முகம் வெளிறும். இருப்புப் பதிவேட்டில் பெஞ்சு 40 என்று இருக்கிறது. 40 இருந்தாக வேண்டும். மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, ஆள் வந்து பார்த்து, பட்டியல் போட்டு, இனி உதவாது என்று கண்டம் பண்ணி, ஏலத்துக்கு உத்தரவு வந்து விற்பதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிடுவார். உத்தரவில்லாமல் ஒரு பெஞ்சுக் காலை அடுப்பெரிக்கக் கொடுத்தால், ஆடிட்டில் சிக்கி ஓய்வூதியம் நின்றுவிடும். ஆகவே அவர் 40 பெஞ்சையும் சடலம் சடலமாக அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். வட்டார வளர்ச்சி அலுவலக வாசலில் வேப்பங்கன்று பானெட்டைக் கிழித்துக்கொண்டு வளர்ந்து நிற்கிற ஜீப்புக்கும் இதே சரித்திரம்தான். மரம் ஆகிற வரைக்கும் ஏலம் வராது. மரமான பிறகு மரத்தை வெட்டத் தனி அனுமதி.

நெடுஞ்சாலைத் துறையின் புளியமர ஏலம் இதற்கு ஒரு படி மேலே. சாலையோர மரங்களுக்கு வெள்ளையும் கறுப்பும் அடித்து எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரங்களின் ஒரு வருஷக் காய்ப்பை ஏலம் விடுவார்கள். நோட்டீஸ் ஒட்டப்படும். டேவணித் தொகைக்கு டிடி எடுத்து வர வேண்டும். பழைய பாக்கி வைத்தவன் உள்ளே வரக் கூடாது. உதவிப் பொறியாளர் நாற்காலி போட்டு உட்கார, வராந்தாவில் பத்துப் பதினைந்து பேர் நிற்க, எழுத்தர் ஒவ்வொரு கேள்வியையும் எழுதிக்கொள்ள, “ஒரு தரம்… ரெண்டு தரம்…” என்று இழுப்பார்கள். இதில் தில்லுமுல்லே கிடையாதா என்றால், தாராளமாக உண்டு. காலையிலேயே டீக்கடையில் சிண்டிகேட் போட்டிருப்பார்கள். இந்த ரோடு எனக்கு, அந்த ரோடு உனக்கு, மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள ஆளுக்குக் கொஞ்சம் காசு. கேள்வி சர்க்கார் மதிப்பைத் தொடாது. ஏலம் ஒத்திவைக்கப்படும். மறுபடி டீக்கடை. களவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் யார் கூட்டு, யாருக்கு எவ்வளவு போனது என்று வெற்றிலை பாக்குக் கடைக்காரர்வரை தெரிந்த களவு. மறுநாள் ஊர் முழுக்க அதைப் பேசும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் சில ஊர்களில் தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விட்ட செய்தி பேப்பரில் வரும். ஜனநாயகப் படுகொலை என்று நாம் பொங்குவோம், மாவட்ட ஆட்சியர் விசாரணைக்கு உத்தரவிடுவார். படுகொலைதான், தண்டிக்கட்டும். ஆனால் அந்தக் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது, கேட்டவன் யாரென்று தெரிந்தது, விலை எல்லோர் காதிலும் விழுந்தது. டெல்லியில் இந்தத் தேசம் தன் பூமிக்கடியில் கிடப்பதைக் கொடுத்த முறையோடு ஒப்பிட்டால் அந்தப் பஞ்சாயத்துக்காரர்களுக்கு வெளிப்படைத் தன்மைக்கான விருதே கொடுக்கலாம்.

2008 ஜனவரி 10. மதியச் சாப்பாடு முடிந்து டெல்லி சோம்பல் முறிக்கிற நேரம். இரண்டே முக்கால் மணிவாக்கில் தொலைத்தொடர்புத் துறை ஒரு செய்திக் குறிப்பு வெளியிட்டது. இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை உரிமத்துக்கு விண்ணப்பித்தவர்கள் மூன்றரை மணிக்கெல்லாம் சஞ்சார் பவனில் ஆஜராகி ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். நாடு முழுவதற்குமான உரிமத்தின் விலை 1,658 கோடி ரூபாய். அது 2001இல் நிர்ணயமான விலை. செல்போன் வைத்திருப்பவனை ஊரே வேடிக்கை பார்த்த காலத்து விலையை, கீரைக்காரம்மாள் கையிலும் போன் வந்துவிட்ட காலத்தில் வசூலித்தார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2007 அக்டோபர் 1 என்று முதலில் சொல்லிவிட்டு, பிற்பாடு செப்டம்பர் 25க்குள் வந்தவர்களை மட்டும்தான் எண்ணுவோம் என்றார்கள். பந்தயம் முடிந்த பிறகு எல்லைக் கோட்டை நகர்த்தும் இந்தத் திறமை நம் உதவிப் பொறியாளருக்கு வராது. புளியமரக் காண்ட்ராக்டர்கள் சட்டையைப் பிடித்துவிடுவார்கள்.

ஓடாத ஜீப்புக்குப் பல நாள் முன்பே விளம்பரம் கொடுத்தாக வேண்டிய அரசாங்கம், நாட்டின் காற்றை ஒதுக்க முக்கால் மணி நேர அவகாசம் கொடுத்தது. அதைக் கேட்டதும் சில பேர் கோடிக்கணக்கான ரூபாய் டிமாண்ட் டிராஃப்டோடு வந்து நின்றார்கள். அரசு அலுவலகத்தில் 500 ரூபாய் டிடி கேட்டால் வங்கி வரிசையில் அரை நாள் நிற்கிற நமக்கு இந்தச் சுறுசுறுப்பு புல்லரிக்க வைக்கும். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கொள்கைக்கு ரேஷன் கடையில் ஒரு நியாயம் உண்டு. அங்கே வரிசை தெருவில் நிற்கிறது. சஞ்சார் பவனில் வரிசை யாருக்குத் தெரிந்தது?

இரண்டே வருஷம் கழித்து 2010இல் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றையை இதே அரசாங்கம் ஏலம் விட்டது. 34 நாள், 183 சுற்று, ஏறக்குறைய 67,719 கோடி ரூபாய். ஏலம் விடத் தெரியாத அரசாங்கம் அல்ல என்பது அன்று நிரூபணமானது. தெரிந்தே விடாமல் இருந்தது என்பதும் அதனுடனே நிரூபணமானது. 2008 ஒதுக்கீட்டால் 1.76 லட்சம் கோடி வரை இழப்பு இருக்கலாம் என்றார் தணிக்கை அதிகாரி. அடுத்து வந்த அமைச்சர், இழப்பு பூஜ்யம் என்றார்.

2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 2008இல் கொடுத்த 122 உரிமங்களையும் ரத்து செய்தது. முந்தி வருவோருக்கு என்ற முறை தற்செயலை நம்பியது, அதிகாரத்தின் தாழ்வாரத்தில் நடமாட்டம் உள்ளவர்களுக்கே அது உதவும், இயற்கை வளத்தைக் கொடுக்க ஏலமே சிறந்த வழி என்ற பொருளில் நீதிபதிகள் சிங்வியும் கங்குலியும் எழுதினார்கள். தேசம் கைதட்டி முடிப்பதற்குள் அரசாங்கம் குடியரசுத் தலைவரின் பெயரால் அதே நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது: எல்லா வளத்துக்கும் ஏலம்தானா, கண்டிப்பாக ஏலம்தானா? செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஏலம் ஒன்றுதான் வழி என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை என்று பதில் சொன்னது. சட்டப்படி சரியான பதில்தான். ஏழைக்கு வீட்டுமனை கொடுப்பதையும் பள்ளிக்கு இடம் கொடுப்பதையும் ஏலத்தில் விட முடியாது. ஆனால் கேள்வி கேட்டவர்கள் அந்த ஏழையை நினைத்துத்தான் கேட்டார்கள் என்று நம்புகிறவர் இருந்தால், என்னிடம் காலில்லாத 40 பெஞ்சு இருக்கிறது, நல்ல விலைக்குத் தருகிறேன்.

அதே ஆண்டு நவம்பரில், ரத்தான அலைக்கற்றையை ஏலத்துக்கு வைத்தபோது எதிர்பார்த்த 28,000 கோடிக்கு எதிரே சுமார் 9,400 கோடிதான் வந்தது. பார்த்தீர்களா, ஏலம் விட்டால் இதுதான் கதி என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் பலர் 2008 வரிசையை நியாயப்படுத்தியவர்கள்.

பிறகு 2017 டிசம்பர் 21. அலைக்கற்றை ஊழல் வழக்கை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அத்தனை பேரையும் விடுதலை செய்தது. ஏழு வருஷம் தினமும் உட்கார்ந்து காத்திருந்தேன், சட்டம் ஏற்கிற ஆதாரத்தோடு யாரும் வரவில்லை என்று நீதிபதி ஆற்றாமையோடு எழுதினார். சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்கவே டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு 2024 மார்ச் ஆனது. சொத்தைக் கொடுத்த விதம் தவறு என்று மேல் நீதிமன்றம் சொல்லி உரிமங்கள் போயின. தவறு செய்தவர் என்று விசாரணை நீதிமன்றத்தில் ஒருவரும் நிரூபணமாகவில்லை. நம் தலைமையாசிரியர் இதைப் படித்தால் அந்த ஒரு பெஞ்சுக் காலைத் தைரியமாக அடுப்பில் வைப்பார். வைக்காதீர்கள் சார். உங்களுக்கு எதிராக ஆதாரம் உடனே கிடைத்துவிடும்.

நிலக்கரியைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, அது இதைவிட எளிய வியாபாரம். 1993 முதல் ஒரு தேர்வுக் குழு. குழு 36 தடவை கூடியது. கேட்டவர்களுக்குச் சுரங்கம் ஒதுக்கப்பட்டது. எந்த அளவுகோலால், கேட்ட நூறு பேரில் ஏன் இவருக்கு என்ற விவரம் கூட்டக் குறிப்புகளில் தேடினாலும் அகப்படவில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் 218 ஒதுக்கீடுகளைப் பரிசீலித்து, ஒதுக்கிய முறை சட்டவிரோதம் என்று சொல்லி 214ஐ ரத்து செய்தது. இதற்கு எந்தக் கட்சியைத் திட்டுவது என்று குழம்ப வேண்டாம். அந்த இருபது வருஷத்தில் காங்கிரஸ் ஆண்டது, ஐக்கிய முன்னணி ஆண்டது, பா.ஜ.க. ஆண்டது. குழு மட்டும் மாறவில்லை. நாடாளுமன்றத்தில் கட்சிகள் ஒற்றுமையாக இருப்பதில்லை என்று யார் சொன்னது?

ஏலம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்களில் நானும் சேர்த்தி. அதற்கும் மருந்து வைத்திருந்தார்கள். மும்பை விமான நிலையத்தருகே இருந்த அரசு ஓட்டல் ஒன்றை 2002இல் 83 கோடிக்கு விற்றார்கள். வாங்கியவர் சில மாதத்திலேயே 115 கோடிக்கு இன்னொருவரிடம் தள்ளிவிட்டார். வெள்ளையடித்துப் பெயர்ப்பலகை மாற்றக்கூட அவருக்கு நேரமிருந்திருக்குமா என்று தெரியவில்லை. 2021 நவம்பரில் இன்னொரு கூத்து. சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1977இல் இந்தியாவின் முதல் சூரிய மின்கலத்தைச் செய்தது. அதை ஒரு நிதி நிறுவனத்துக்கு 210 கோடிக்குக் கொடுக்க முடிவானது. குறைந்தபட்ச விலை 194 கோடி. எதிர்த்துக் கேட்ட இன்னொருவர் 190 கோடி சொன்னார். அதாவது குறைந்தபட்ச விலையையே தொடாத ஒருவரை எதிரில் நிறுத்தி ஒரு போட்டி. தொழிலாளர்கள் சண்டை போட்டார்கள். அப்புறம்தான் வாங்க வந்த நிறுவனத்தின் மேல் கம்பெனி தீர்ப்பாயத்தில் வழக்கு இருப்பதும் அதை அவர்கள் சொல்லாமல் விட்டதும் கவனத்துக்கு வந்து, 2022இல் விற்பனை கைவிடப்பட்டது. புளியமரம் கேட்க வருகிறவனிடம் பழைய பாக்கி உண்டா என்று வாசலிலேயே விசாரிக்கிறார்கள். ஒரு நிறுவனத்தையே கேட்க வந்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்க டெல்லியில் ஒரு எழுத்தர்கூடவா இல்லை?

2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. செயற்கைக்கோள் வழிச் சேவை உள்ளிட்ட சிலவற்றுக்கு ஏலமில்லாமல் அரசே அலைக்கற்றை ஒதுக்கலாம் என்று அதன் அட்டவணை சொல்கிறது. வானத்திலிருந்து வரும் அலைக்கற்றையைப் பலர் பகிர்ந்துகொள்ள முடியும், உலகமெங்கும் இப்படித்தான் என்கிறார்கள். அது சரியான காரணமாகவே இருக்கட்டும். அப்படியானால் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி, 2012 தீர்ப்பு எங்கள் கையைக் கட்டுகிறது, கொஞ்சம் விளக்கம் சொல்லுங்கள் என்று மனுப் போட்டது எதற்கு? அந்தத் தீர்ப்பை ஊர் ஊராகச் சொல்லி ஓட்டு வாங்கியவர்கள்தானே மனுப் போட்டவர்கள்? பதிவாளர் மனுவை வாங்கவே மறுத்துவிட்டார். நாட்டில் சுரணையுள்ள ஒரு அலுவலகமாவது இருக்கிறது.

இனி மலைக்கு வருகிறேன். மேலே சொன்னதில் எல்லாம் போனது பணம். இங்கே போகவிருந்தது ஊர்.

2023இல் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். லித்தியம், டங்ஸ்டன் போன்ற 24 கனிமங்கள் முக்கியக் கனிமங்கள் ஆயின. நிலம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஏலம் விடும் அதிகாரம் டெல்லிக்கு மட்டுமே. வருமானம் மாநிலத்துக்கு என்றார்கள், பெரிய மனதுதான். இந்த ஏலம் நடப்பது எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணையதளத்தில். 1964இல் தொடங்கியபோது அதன் முழுப் பெயர் மெட்டல் ஸ்கிராப் டிரேட் கார்ப்பரேஷன். பழைய இரும்பு வியாபாரத்துக்கென்று பிறந்த நிறுவனம். இன்றும் கழித்துக்கட்டிய வண்டியும் துருப்பிடித்த தளவாடமும் அதில் ஏலம் போகின்றன. அதே இடத்தில் நிலக்கரிச் சுரங்கமும் போகிறது, மலையும் போகிறது. ஒரு வசதி, ஜீப்பைக் கண்டம் பண்ண ஒரு கமிட்டி வந்து பார்க்க வேண்டும். மலையைக் கண்டம் பண்ண யாரும் வர வேண்டியதில்லை.

2024 நவம்பர் 7 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் ஒரு வரி: தமிழ்நாடு, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015.51 ஹெக்டேர், ஏலத்தில் தேர்வான நிறுவனம் இந்துஸ்தான் ஜிங்க். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு, தங்கள் ஊர் ஏலம் போன செய்தி ஏலம் போன பிறகு தெரிந்தது. பெயர்தான் நாயக்கர்பட்டி. எல்லைக்குள் இருந்தது அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி என்று ஒரு வரிசை ஊர். சமணர் படுகை, தமிழ் பிராமி கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், லகர் வல்லூறு பறக்கிற குன்று, பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற வயல். 72 ஏரி, 200 சுனை என்று கணக்குச் சொல்லி 2022இல் தமிழ்நாடு அரசே அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். இரண்டு வருஷத்தில் அது ஏலப் பட்டியலில் ஒரு வரிசை எண் ஆனது.

உடைந்த நாற்காலிக்குரிய மரியாதையை அந்த மலைக்கும் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்த்தேன். தண்டோரா வேண்டாம், அது பறையடிக்கிறவர்களை இழிவுபடுத்துகிறது என்று 2022இலேயே தமிழ்நாடு அரசு நிறுத்திவிட்டது, நல்ல காரியம். ஒலிபெருக்கி கட்டிய ஒரு ஆட்டோ போதும். வல்லாளப்பட்டி மந்தையில் ஒரு மேசை, பின்னால் நிதிப் பிரிவு அதிகாரியோடு ஏலக் குழு.

“தொகுதி நாயக்கர்பட்டி. பரப்பு 2,015.51 ஹெக்டேர். கேட்கிறவங்க முன்னால வாங்க.”

“ஏக்கர் கணக்குல சொல்லுங்க சார்.”

“கிட்டத்தட்ட ஐயாயிரம் ஏக்கர்.”

“நாயக்கர்பட்டியில ஐயாயிரம் ஏக்கர் ஏது சார்?”

“பக்கத்து ஊர்களும் சேர்த்தி.”

“எந்தெந்த ஊரு?”

“அட்டவணையில இருக்கு.”

“அட்டவணை எங்க இருக்கு?”

“இணையதளத்துல இருக்கு, பெரியவரே. ஏலத்தை நடத்த விடுங்க.”

“எம் பட்டா நிலம் உள்ள வருதா?”

“மேல் நிலம் உங்களோடதுதான். அடியில இருக்கிறதைத்தான் ஏலம் விடுறோம்.”

“அடியில தோண்டுறப்ப நான் மேல நிக்கலாமா?”

“இது இப்போதைக்கு ஆய்வுக்கான உரிமம்தான். தோண்டுறதெல்லாம் பின்னால.”

“சர்க்கார் மதிப்பு எவ்வளவு சார் போட்டிருக்கீங்க?”

“வெட்டி அனுப்புற கனிமத்தோட மதிப்புல எத்தனை சதவீதம் தர்றாங்கங்கிறதுதான் கேள்வி.”

“கொளத்துக்கு எத்தனை சதவீதம்? எங்க மலைச்சாமிக்கு?”

அவ்வளவு நேரம் பேசாமல் நின்ற ஒரு கிழவி முன்னால் வருகிறாள். “ஏப்பா, நான் உக்காந்திருக்கிற திண்ணையும் இதுல சேத்தியா, சேத்தி இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டுச் சுத்தியலைத் தட்டு.”

ஏலத்தை இணையதளத்தில் வைத்துக்கொள்கிற காரணம் இப்போது விளங்கியிருக்கும். இணையதளத்துக்குள் கிழவி நுழைய முடியாது. பொது ஏலம் என்ற பெயரில் பொது ஜனம் மட்டும் இல்லாத ஏலத்தைக் கண்டுபிடித்தவர்கள் நாமாகத்தான் இருப்போம். வாங்குகிறவருக்கு எத்தனை வசதி தெரியுமா? தகுதியுள்ள மூன்று பேர் வராவிட்டால் முதல் தடவை ஏலம் ரத்து. அதே தொகுதியை இரண்டாம் தடவை வைத்தால் மூன்று பேர் தேவையில்லை, குறைவாக வந்தாலும் மேலே போகலாம் என்கின்றன கனிம ஏல விதிகள். வாங்க ஆள் இல்லாவிட்டாலும் விற்றே தீருவோம் என்று மலையை வைத்துக்கொண்டு ஒரு பிடிவாதம்.

விஷயம் வெடித்ததும் ஒரு பழைய நாடகம் அரங்கேறியது. ஏலம் முடியும்வரை மாநிலம் ஆட்சேபிக்கவில்லை என்றது டெல்லி. நாங்கள் 2023 அக்டோபரிலேயே எழுதினோம் என்றது சென்னை. அந்தச் சட்டத் திருத்தத்தை யார் ஆதரித்துப் பேசினார், யார் வாய்மூடி இருந்தார் என்று கட்சிகள் அடித்துக்கொண்டன. 2023 அக்டோபரில் கடிதம் எழுதியவர்களும் வாங்கிவைத்தவர்களும் ஒரு பிரதியை வல்லாளப்பட்டிக்கு அனுப்பியிருந்தால் தபால் செலவு சில ரூபாய்தான் ஆகியிருக்கும். ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு அரசாங்கமும் அந்த ஊரைப் பற்றித் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொண்டன. ஊருக்கு யாரும் எழுதவில்லை.

டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பார்க்கலாமா என்று டெல்லி பேரம் பேசிப் பார்த்தது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டாரத்து விவசாயிகள், பெண்களும் கிழவர்களுமாக ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். நடந்ததற்காக அவர்கள் மேல் காவல்துறை வழக்கும் போட்டது, பிறகு வாபஸ் வாங்கியது. சொத்தை விற்றவன் மேல் வழக்கு இல்லை, ஏன் விற்றாய் என்று கேட்டு நடந்தவன் மேல் வழக்கு. தீர்மானம் போட்ட அரசின் போலீஸ்தான் அந்த வழக்கையும் போட்டது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானதாக மத்திய அரசு அறிவித்தது. உடனே எல்லாக் கட்சிகளும் எங்களால்தான் என்று போஸ்டர் ஒட்டின. நாயக்கர்பட்டியை ஏலத்தில் வைத்தது யாரால் என்று ஒரு போஸ்டர்கூடக் கண்ணில் படவில்லை.

ரத்தானது அந்த ஒரு தொகுதி மட்டுமே. 2023 திருத்தம் அப்படியே இருக்கிறது. முக்கியக் கனிமங்களின் அட்டவணையும் இருக்கிறது. ஏலத்தில் வைப்பதற்கு முன்னால் அந்த ஊர்க் கிராம சபையைக் கேட்க வேண்டும் என்ற வரி அன்றும் அந்த விதிகளில் இல்லை, இன்றும் இல்லை. அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிற எம்.பி. வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும் நிறுத்திவைத்து இந்த ஒரு வரியைப் பற்றிக் கேளுங்கள். சேர்ப்பேன் என்றால் எழுதி வாங்குங்கள்.